நான்கு மணி நேரத்துக்கு ஒரு தம்ளர் பச்சை மாவு: கிளைக்கோஜன் சேமிப்பு நோயின் உணவு முறை

சர்க்கரைக் கோளாறு என்றாலே ரத்தத்தில் சர்க்கரை கூடுவதுதான் நம் நினைவுக்கு வரும். நேர்மாறான கோளாறும் உண்டு. சாப்பிட்டு மூன்று நான்கு மணி நேரம் ஆனாலே சில குழந்தைகளுக்கு ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குச் சரிந்துவிடும். கைக்குழந்தைகளில் சிலர் இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை. பிறவியிலேயே வரும் இந்தக் குறைபாட்டின் பெயர் கிளைக்கோஜன் சேமிப்பு நோய், முதல் வகை. முதலில் விவரித்த மருத்துவரின் பெயரால் வான் கீர்க்கே நோய் என்றும் அழைப்பார்கள். ஏறத்தாழ ஒரு லட்சம் பிறப்புகளில் ஒருவருக்கு வரும் அரிய நோய் இது.

நோய் அரிதானாலும் அதற்கான முதன்மைச் சிகிச்சை மளிகைக் கடையில் கிடைக்கிறது. சூப்பைக் கெட்டியாக்கப் போடும் கார்ன்ஃப்ளவர்தான் அது. அதை வேகவைக்காமல், பச்சைத் தண்ணீரில் கலக்கி, கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டும். இரவு இரண்டு மணிக்கும் எழுந்து குடிக்க வேண்டும். இந்த வீடுகளில் பழச்சாறு கிடையாது, தேன் கிடையாது, பால் பெரும்பாலும் கிடையாது. சோறும் இட்லியும் உண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது விநோதமான பத்தியமாகத் தோன்றும். ஆனால் கல்லீரலில் நின்றுபோன ஒரே ஒரு வேலையைப் புரிந்துகொண்டால் இதில் ஒவ்வொரு விதியும் ஏன் வந்தது என்று தெரிந்துவிடும்.

வாய் அடைபட்ட குதிர்

நாம் சாப்பிடும் மாவுப்பொருள் குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. உடனடித் தேவைக்குப் போக மிஞ்சுவதைக் கல்லீரல் எடுத்து, சங்கிலி சங்கிலியாகக் கோத்து, கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்துக்கொள்கிறது. அடுத்த வேளை உணவு வரும்வரை, குறிப்பாக இரவில், அதை வெட்டி வெட்டி மறுபடியும் குளுக்கோஸாக ரத்தத்துக்கு விடுகிறது. மூளை இடைவிடாமல் குளுக்கோஸ் கேட்கும் உறுப்பு. எட்டு மணி நேரம் தூங்கி எழும் நம் யாருக்கும் ரத்தச் சர்க்கரை சரியாமல் இருப்பதற்குக் காரணம் கல்லீரலின் இந்த இரவு வேலைதான்.

அந்த வேலையின் கடைசிக் கட்டத்தில்தான் சிக்கல். கிளைக்கோஜனிலிருந்து பிரிந்து வரும் குளுக்கோஸின்மேல் ஒரு பாஸ்பேட் துணுக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் அதன் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்பேட். பாஸ்பேட்டைக் கழற்றினால்தான் அது செல்லை விட்டு வெளியேற முடியும். கழற்றும் நொதியின் பெயர் குளுக்கோஸ்-6-பாஸ்படேஸ். முதல் வகை நோயாளிகளில் சுமார் 80 சதவீதம் பேருக்கு இந்த நொதியே வேலை செய்வதில்லை. இதை 1ஏ என்பார்கள். மற்றவர்களுக்கு நொதி இருக்கிறது, ஆனால் குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டை அந்த நொதி இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் புரதம் பழுது. அது 1பி.

நெல் போட முடியும், எடுக்க முடியாது என்று வாய் அடைபட்ட நெற்குதிர்போல ஆகிவிடுகிறது கல்லீரல். உள்ளே களஞ்சியம் நிரம்பி வழிய, வெளியே பட்டினி.

உடலுக்கு வேறு வழி இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. புரதத்திலிருந்தும் லாக்டிக் அமிலத்திலிருந்தும் கல்லீரல் புதிதாகக் குளுக்கோஸ் செய்துகொள்ளும். ஆனால் அந்தப் பாதையும் இதே குளுக்கோஸ்-6-பாஸ்பேட்டில்தான் வந்து முடிகிறது. இதே நொதியின் வழியாகத்தான் வெளியேற வேண்டும். இரண்டு பாதைக்கும் வாசல் ஒன்று. அது அடைபட்டதால்தான் கிளைக்கோஜன் நோய்களிலேயே இந்த வகை இவ்வளவு கடுமையாக இருக்கிறது.

வெளியேற முடியாத குளுக்கோஸ்-6-பாஸ்பேட் சும்மா இருப்பதில்லை. ஒரு பகுதி லாக்டிக் அமிலமாகிறது, ஒரு பகுதி கொழுப்பாகிறது, இன்னொரு பக்கம் யூரிக் அமிலம் ஏறுகிறது. ஆகவே இவர்களுடைய ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை இறங்கியும் லாக்டேட் (லாக்டிக் அமிலம் ரத்தத்தில் இருக்கும் வடிவம்), யூரிக் அமிலம், டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு மூன்றும் ஏறியும் இருக்கும். கொழுப்பு மிகுந்தால், எடுத்த ரத்தம் சோதனைக் குழாயில் பால் கலந்ததுபோல் வெளிறித் தெரியும்.

கொழுகொழு கன்னம்

பிறந்த புதிதில் குழந்தை இரண்டு மணிக்கு ஒருமுறை பால் குடிக்கிறது. அந்த இடைவெளியில் நோய் ஒளிந்துகொள்ளும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், பால் கொடுக்கும் இடைவெளி நீண்டு, குழந்தை இரவில் தொடர்ந்து தூங்கத் தொடங்கும்போது குட்டு வெளிப்படுகிறது: விடியற்காலையில் வியர்வை, நடுக்கம், சோர்வு, வேகமான மூச்சு, சில சமயம் வலிப்பு. கன்னங்கள் பொம்மைக்கு இருப்பதுபோல உருண்டிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் அதை ஊட்டம் என்று மெச்சுவார்கள். கல்லீரல் வீங்கியதால் வயிறு முன்தள்ளியிருக்கும். அதைப் பூச்சி என்று எண்ணிப் பூச்சி மருந்து கொடுப்பவர்களும் உண்டு. வயதுக்கேற்ற உயரம் மட்டும் வராது.

இதில் ஏமாற்றக்கூடிய ஒரு விஷயம் இருக்கிறது. ரத்தத்தில் ஏறியிருக்கும் லாக்டேட்டை மூளை மாற்று எரிபொருளாகப் பயன்படுத்திக்கொள்ளும். அதனால் மற்றக் குழந்தைகள் மயங்கி விழும் அளவில் சர்க்கரை இருந்தும் இந்தக் குழந்தை விளையாடிக்கொண்டிருக்கக்கூடும். சிகிச்சை தொடங்கி லாக்டேட் இறங்கிய பிறகு அந்தத் துணை இருக்காது; அப்போது சர்க்கரை இறங்கினால் உடனே ஆபத்து. நன்றாகக் கட்டுப்பாட்டில் உள்ள குழந்தைக்கு ஒரு வேளை மாவு தவறுவது கூடுதல் அபாயம் என்று மருத்துவர்கள் எச்சரிப்பது இதனால்தான். பெற்றோர் சிலருக்கு இது பிடிபடச் சற்று நாளாகும்.

மூக்குக் குழாயிலிருந்து மாவுக்கு

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் நோயியல் மருத்துவராக இருந்த எட்கார் வான் கீர்க்கே 1929-ல், கல்லீரலும் சிறுநீரகமும் கிளைக்கோஜனால் புடைத்திருந்த குழந்தைகளைப் பிரேதப் பரிசோதனையில் கண்டு எழுதினார். குறைபடும் நொதி எது என்று 1952-ல் காட்டியவர்கள் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஆய்வு செய்த கெர்ட்டி கோரி, கார்ல் கோரி தம்பதி. கிளைக்கோஜன் ஆய்வுக்காக 1947-லேயே நோபல் பரிசு பெற்றவர்கள் இவர்கள். பிறவி வளர்சிதை மாற்ற நோய் ஒன்றுக்கு இன்ன நொதிதான் காரணம் என்று கல்லீரலில் நேரடியாகக் காட்டியது அதுவே முதல் முறை.

காரணம் தெரிந்தும் அடுத்த இருபது ஆண்டுகளுக்குக் குழந்தைகளைக் காப்பாற்றும் வழி தெரியவில்லை. 1970-களில் ஒரு வழி பிறந்தது: இரவு முழுவதும் மூக்கு வழியே வயிற்றுக்குக் குழாய் செலுத்தி, பம்ப் மூலம் குளுக்கோஸ் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுவது. பலன் கண்கூடாக இருந்தது, குழந்தைகள் வளர்ந்தார்கள். ஆனால் தூக்கத்தில் குழாய் கழன்றாலோ பம்ப் நின்றாலோ நிலைமை மோசம். தொடர்ந்து குளுக்கோஸ் வந்ததால் ரத்தத்தில் இன்சுலின் ஏறியிருக்கும். வரவு நின்ற உடனே சர்க்கரை சரசரவென்று கீழே போகும். கைக்குழந்தைகளுக்கு இந்த முறை இன்றும் பயன்படுகிறது, எச்சரிக்கை மணியுள்ள பம்புகளுடன்.

1984-ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யுவான்-ட்சோங் சென்னும் அவருடைய சக மருத்துவர்களும் பச்சைக் கார்ன்ஃப்ளவரைக் கொண்டு இதே வேலையைச் செய்துகாட்டினார்கள். குழாயும் பம்பும் இல்லாமல் பிள்ளைகள் இரவைக் கடக்க முடிந்தது. இந்த நோயின் வரலாற்றில் இதைவிட எளிமையான, இதைவிடப் பயனுள்ள கண்டுபிடிப்பு இன்னும் வரவில்லை என்பது என் எண்ணம்.

ஏன் பச்சை மாவு?

மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் இறுக்கமாக அடுக்கப்பட்ட மிகச் சிறிய மணிகள். சூடான நீரில் அந்த மணிகள் நீரை உறிஞ்சி, உப்பி, கூழாகிவிடும். கூழான மாவைக் குடலின் நொதிகள் விரைவாகச் சிதைத்துவிடும். அதனால்தான் கஞ்சியும் சோறும் ரத்தச் சர்க்கரையைச் சடுதியில் ஏற்றி, இரண்டு மணி நேரத்துக்குள் கைவிட்டுவிடுகின்றன. வேகாத மாவின் மணிகள் இறுக்கமாகவே இருக்கும். நொதிகள் அதை ஓரத்திலிருந்து மெல்ல மெல்ல அரிக்க வேண்டும். குளுக்கோஸ் சிறிது சிறிதாக, நான்கு மணி நேரத்துக்கு மேலும் வந்துகொண்டிருக்கும்.

கணக்குப் போட்டால் இதன் நேர்த்தி தெரியும். சிறு குழந்தைகளுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் அளவு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம், நான்கு மணிக்கு ஒருமுறை. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 32 கிராம். நான்கு மணி நேரம் என்பது 240 நிமிடம். வகுத்துப் பார்த்தால் கிலோவுக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.7 மில்லிகிராம் குளுக்கோஸ் வருகிறது. அந்த வயதில் நலமான ஒரு கல்லீரல் இரவில் விடுவதும் கிட்டத்தட்ட இதே அளவுதான். வளர வளர, கிலோவுக்குத் தேவை குறைகிறது. பதின்ம வயதினருக்கும் பெரியவர்களுக்கும் கிலோவுக்கு 1.7 முதல் 2.5 கிராம் வரை கொடுத்தால் நான்கைந்து மணி நேரம், சிலருக்கு ஆறு மணி நேரம் தாங்கும். இவை பொதுவான அளவுகள்; ஒவ்வொருவருக்கும் ரத்தச் சர்க்கரையும் லாக்டேட்டும் பார்த்துத்தான் நிர்ணயிப்பார்கள். சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும் என்பது இலக்கு.

இனி கலக்கும் முறை. ஸ்பூன் கணக்கு போதாது. டிஜிட்டல் தராசில் கிராம் பார்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் குளிர்ந்ததாகவோ சாதாரணமாகவோ இருக்கலாம், வெந்நீர் கூடவே கூடாது. எலுமிச்சைச் சாறு சேர்த்தால் அமிலம் மாவைச் சிதைக்கத் தொடங்கிவிடும். சர்க்கரையோ குளுக்கோஸோ சேர்த்தால் இன்சுலின் எகிறி, மாவின் பலன் சீக்கிரம் தீர்ந்துவிடும். கலக்கி வைத்துவிட்டுப் பிறகு குடிப்பது நல்லதல்ல. குடிக்கும் நேரத்தில் கலக்க வேண்டும். மாவு கரைவதில்லை, மிதக்கத்தான் செய்கிறது. ஒரு நிமிடம் விட்டால் தம்ளரின் அடியில் சுண்ணாம்புபோல இறுகிப் படிந்துவிடும். மேலே தெளிந்ததைக் குடித்துவிட்டுத் தூங்கப்போன குழந்தை, தன் இரவு உணவைத் தம்ளரிலேயே விட்டுவிட்டது என்று பொருள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிச் சுழற்றி, அடியில் இருப்பதையும் குடிக்கவைக்க வேண்டும்.

கடையில் வாங்கும்போதும் கவனம் தேவை. கார்ன்ஃப்ளவர் என்று விற்கப்படும் தூய வெள்ளை மாவு வேறு. ரொட்டி சுடப் பயன்படும் மஞ்சள் மக்காச்சோள மாவு வேறு. முன்னது மக்காச்சோளத்திலிருந்து பிரித்தெடுத்த மாவுச்சத்து மட்டும். பின்னது முழுத் தானியத்தை அரைத்தது. அளவுக்கணக்கு அதற்குப் பொருந்தாது. கஸ்டர்ட் பொடியும் வேண்டாம். ஒரு பிராண்டு ஒத்துக்கொண்டால் அதையே தொடர்வது நல்லது.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குப் பச்சை மாவு சரிவராது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதி அந்த வயதில் கணையத்திலிருந்து போதிய அளவு சுரப்பதில்லை. ஆறு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடையில், சிறிய அளவில் தொடங்கி, வயிற்று உப்புசமும் பேதியும் பார்த்துப் படிப்படியாகக் கூட்டுவார்கள். இரவுத் தூக்கத்தை நீட்டிப்பதற்காகவே வெப்பப் பதம் செய்த ஒருவகை மக்காச்சோள மாவுச்சத்தும் இப்போது இருக்கிறது. சற்றுப் பெரிய பிள்ளைகளும் பெரியவர்களும் அதைக் குடித்து ஏழெட்டு மணி நேரம் தொடர்ந்து தூங்க முடிகிறது. விலைதான் அதிகம்.

பயத்தில் அளவுக்கு மீறி மாவு கொடுப்பதும் தவறு. மிகையான குளுக்கோஸ் மறுபடியும் அதே குதிருக்குள்தான் போகும். கல்லீரல் இன்னும் வீங்கும், உடல் பருக்கும், பசி மந்தமாகிச் சத்துள்ள உணவு உள்ளே இறங்காது.

பழமும் பாலும் ஏன் ஆகாது?

சாதாரணச் சர்க்கரையில் பாதி குளுக்கோஸ், பாதி ஃபிரக்டோஸ். பாலின் இனிப்பான லாக்டோஸில் பாதி குளுக்கோஸ், பாதி கேலக்டோஸ். ஃபிரக்டோஸையும் கேலக்டோஸையும் நலமான கல்லீரல் குளுக்கோஸாக மாற்றி வெளியே விடும். இங்கே அந்த மாற்றம் அடைபட்ட வாசலோடு நின்றுவிடுகிறது. ரத்தச் சர்க்கரைக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. லாக்டேட்டும் கொழுப்பும் யூரிக் அமிலமும்தான் ஏறும்.

ஆகவே சர்க்கரை, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு, தேன், பழங்கள், பழச்சாறு, இளநீர் எல்லாமே விலக்கவோ மிகக் கறாராகக் கட்டுப்படுத்தவோ வேண்டியவை. 'கருப்பட்டி உடம்புக்கு நல்லதாயிற்றே' என்று உறவினர்கள் பரிந்து பேசுவார்கள். இந்தக் கல்லீரலுக்குக் கருப்பட்டிக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் வித்தியாசம் தெரியாது. தயிர் புளிக்கும்போது லாக்டோஸ் ஓரளவு குறைந்தாலும் முழுதாகப் போய்விடுவதில்லை. பாலை எவ்வளவு அனுமதிப்பது என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை கறார் வேறுபடும். கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் லாக்டோஸும் சாதாரணச் சர்க்கரையும் இல்லாத சோயா பால்மாவு; தாய்ப்பாலைத் தொடர்வதா என்பதை மருத்துவர் பார்த்து முடிவு செய்வார்.

நீரிழிவுக்காரர்களுக்கென்று விற்கும் 'சர்க்கரை இல்லாத' பிஸ்கட்டிலும் மிட்டாயிலும் ஒரு பொறி இருக்கிறது. பலவற்றில் சார்பிட்டால் இருக்கும். உடலுக்குள் அது ஃபிரக்டோஸாகிவிடும். காய்ச்சலுக்கும் இருமலுக்கும் தரும் குழந்தைகள் சிரப்பிலும் சர்க்கரையோ சார்பிட்டாலோ இருக்கக்கூடும். அட்டையைத் திருப்பிப் படிக்கும் பழக்கம் இந்த வீடுகளில் தானாக வந்துவிடுகிறது.

சாப்பிடக்கூடியவை என்ன? சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, பருப்பு, முட்டை, மீன், கோழி, இனிப்பு குறைந்த காய்கள். தினசரிச் சக்தியில் 60 முதல் 70 சதவீதம் மாவுப்பொருளிலிருந்தும் 10 முதல் 15 சதவீதம் புரதத்திலிருந்தும் வருமாறு திட்டமிடுவார்கள். ஒரே வேளையில் நிறையச் சோறு போடுவதைவிட, சிறு சிறு வேளைகளாகப் பிரிப்பதுதான் முக்கியம். பாலும் பழமும் குறைவதால் கால்சியம், வைட்டமின் டி, மற்ற வைட்டமின்கள் மாத்திரையாகச் சேர வேண்டும். இல்லையென்றால் எலும்பு மெலிந்துபோகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. கிளைக்கோஜன் சேமிப்பு நோயில் பல வகைகள் உண்டு. மூன்றாம் வகையில் புரதத்திலிருந்து குளுக்கோஸ் செய்யும் பாதை திறந்தே இருக்கிறது. ஆகவே அங்கே புரதம் மிகுந்த உணவு மருந்தாகிறது, பழமும் பாலும் அவ்வளவு பகையில்லை. இணையத்தில் ஒரு வகைக்கான உணவுப் பட்டியலைப் பார்த்துவிட்டு இன்னொரு வகைக்காரருக்குக் கொடுத்தால் கெடுதல் நேரும்.

வெறும் வயிறு என்ற ஆபத்து

'நாளை காலை வெறும் வயிற்றோடு வாருங்கள்' என்று பரிசோதனைக் கூடத்தில் சாதாரணமாகச் சொல்லும் வாக்கியம் இவர்களுக்கு உயிராபத்து. அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி இருக்க நேர்ந்தால், மாவை நிறுத்தும் நேரத்திலேயே குளுக்கோஸ் டிரிப் ஏற வேண்டும். விரதமும் நோன்பும் இவர்களுக்கு இல்லை.

எல்லாவற்றையும்விடப் பயப்பட வேண்டியது வாந்தி. குடித்த மாவு வெளியே வந்துவிட்டால் கையிருப்பு ஏதும் இல்லை. திரும்பக் கொடுத்தும் நிற்கவில்லையென்றால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே தேவைப்படுவது 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ் டிரிப். வாந்தி பேதி என்றதும் வழக்கமாக ஏற்றும் ரிங்கர் லாக்டேட் பாட்டில் கூடாது. ஏற்கெனவே லாக்டேட் மிகுந்த உடம்பு இது. நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரை இறங்கினால் போடும் குளுக்ககான் ஊசியும் இங்கே உதவாது. கிளைக்கோஜனை உடைக்கச் சொல்லிக் கல்லீரலை விரட்டும் ஊசி அது. உடைந்தாலும் வாசல் திறக்கப்போவதில்லை, லாக்டேட்தான் ஏறும். பணியில் இருக்கும் இளம் மருத்துவர் இந்த நோயாளியைத் தம் வாழ்நாளில் முதல் முறையாகப் பார்ப்பவராக இருக்கலாம். எனவே இந்த விவரங்களைச் சிறப்பு மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு தாளில் வாங்கி, வீட்டிலும் பள்ளிப் பையிலும் எப்போதும் வைத்திருக்க வேண்டும்.

பள்ளியில் தேர்வின் நடுவே மாவு குடிக்கும் நேரம் வரும். பிறந்தநாள் கொண்டாடும் பிள்ளை வகுப்பு முழுவதும் சாக்லேட் கொடுத்துக்கொண்டு வரும். 'ஒன்றே ஒன்று' என்று பரிவோடு நீட்டும் ஆசிரியருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும். இரவு அலாரத்தைப் பொறுத்தவரை, ஒரே கைபேசியை நம்புவது சரியல்ல. இருவர் கைபேசியிலும் வைப்பது பாதுகாப்பு.

பெரியவர்களான பிறகு

மாவு வருவதற்கு முன் குழந்தைப் பருவத்தையே தாண்டாத நோய் என்று கருதப்பட்டது. இன்று இவர்கள் படித்து, வேலைக்குப் போய், குழந்தை பெற்று வாழ்கிறார்கள். ஆனாலும் கல்லீரலில் கட்டிகள், சிறுநீரகப் பாதிப்பு, கீல்வாதம் ஆகியவை பின்னாளில் தலைகாட்டக்கூடும். அதனால் கால இடைவெளியில் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் உண்டு. கட்டுப்பாடு எவ்வளவு நன்றாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இவை தள்ளிப்போகின்றன. 1பி வகையினருக்கு வெள்ளணுக்களில் ஒரு வகை குறைந்து, அடிக்கடி வாய்ப்புண்ணும் தொற்றும் குடல் அழற்சியும் வரும். நீரிழிவுக்கான எம்பாக்ளிஃப்ளோசின் மாத்திரை இதற்கு உதவுவது 2020-ல் தெரியவந்தது. உணவால் கட்டுக்குள் வராதவர்களுக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை கடைசி வழி.

நோயைக் கண்டறிய முன்பு கல்லீரலில் சதை எடுத்துப் பார்த்தார்கள். இப்போது பெரும்பாலும் ரத்தத்தில் மரபணுப் பரிசோதனை போதும். தாய், தந்தை இருவரிடமும் பழுதான ஒரு பிரதி இருந்தால்தான் குழந்தைக்கு நோய் வரும். அவர்களுக்கோ ஒரு தொந்தரவும் தெரியாது. நெருங்கிய உறவில் மணமுடித்தவர்களிடம் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுதல். தாய்மாமன், அத்தை மகன் என்று பெண் கொடுக்கும் நம் வழக்கத்தில் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் குழந்தையின் மரபணுப் பழுது எது என்று கண்டறிந்து வைத்திருந்தால், அடுத்த கர்ப்பத்தில் கருவிலேயே பரிசோதிக்கலாம். பிறந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே பால் இடைவெளியைக் கவனித்துக்கொள்ளலாம்.